அத்தியாயம் 7: துளைக்குள் முறிந்து நின்ற சார்ஜர் முனை

மடிக்கணினிக்கு நேரும் பழுதுகளுள், தோன்றும்போது அற்பமாகவும், அவசரப்பட்டுக் கை வைத்தபின் பெருஞ்செலவாகவும் மாறும் இயல்புடையது, சார்ஜர் வயரின் நுனியிலுள்ள முனை முறிந்து, அதன் உலோகப் பாகம் கணினியின் மின்துளைக்குள்ளேயே தங்கிவிடுகிற பழுதாகும். திரை உடையவில்லை, பாட்டரி கெடவில்லை, உள்ளே இருக்கும் மின்பலகைக்கு யாதொரு ஊறும் நேரவில்லை, ஆயினும் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள உலோகக் குழல் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்பதால், பாட்டரியில் மிஞ்சிய மின்சாரம் தீர்ந்ததும் யந்திரம் முழுவதும் செயலற்றுப் போகிறது. இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. முறிந்தது சார்ஜருடைய முனை. அது எப்படியும் மாற்றப்பட வேண்டியதே. காப்பாற்றப்பட வேண்டியது கணினியின் துளை. கீழே வரும் உபாயங்களில் எது தகும், எது தகாது என்பதையெல்லாம் இந்த ஒரு நியாயத்தைக் கொண்டே நிர்ணயித்திருக்கிறேன்.

உளுந்தூர்பேட்டை வட்டத்துக் களமருதூர் போன்ற ஊர்களில் இந்தப் பழுதுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, தமிழக அரசு தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாக, எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்து பள்ளிகளுக்கு அனுப்பிய கணினிகள், அதுவரை அத்தகைய யந்திரத்தைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருந்த குடும்பங்களின் கைக்கு வந்து சேர்ந்தன. அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கியது அவள் கல்லூரி முடித்தபின் தம்பிக்குப் போகிறது. தம்பியிடமிருந்து, வேலைக்கு விண்ணப்பம் அனுப்பவும் போட்டித் தேர்வுப் பாடங்களைப் பார்க்கவும் மாமன் மகனுக்குப் போகிறது. இவ்வாறு கைமாறிக் கைமாறி நெடுங்காலம் உழைக்கும் கணினிக்கு முதலில் தேய்வது அதன் சார்ஜர்தான். பழுதுபார்க்கும் கடையோ உளுந்தூர்பேட்டையில் அல்லது கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்து மாணவனுக்கானால், மலைப்பாதை இறங்கிப் பஸ் பிடித்துப் போய்த் திரும்புவதில் ஒரு நாள் முழுவதும் கழிந்துவிடும். ஆகையால், வீட்டிலேயே நிதானமாகச் செய்யத்தக்கது எது, கடைக்காரரிடம் விட்டுவிட வேண்டியது எது என்ற விவேகம் நம்மவர்க்கு மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாக வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த முனையின் அமைப்பை அறிந்துகொள்வோம். பெரும்பாலான பழைய மாதிரிச் சார்ஜர்களில் முனை என்பது ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு உலோகக் குழல்களும், அவை ஒன்றையொன்று தொடாதபடி நடுவே நிற்கும் பிளாஸ்டிக் வளையமும் சேர்ந்தது. உட்குழல் நேர்மின்னையும் புறக்குழல் எதிர்மின்னையும் தாங்கும். கணினியின் பக்கத்திலுள்ள துளையில், அதாவது கடைக்காரர்கள் டி.சி. ஜாக் என்று சொல்லும் உறுப்பில், நடுவே ஓர் ஊசித்தண்டும் பக்கத்தில் ஒரு வில்தகடும் உண்டு. தண்டு உட்குழலுக்குள் புகும், வில்தகடு புறக்குழலை அழுத்திப் பிடிக்கும். முனை முறிந்தபின் அந்தத் துண்டு கவிழ்த்தாலும் விழாமல் உள்ளேயே நிற்பதற்குக் காரணம் இந்த வில்தகட்டின் பிடிப்பேயன்றி வேறொன்றுமில்லை. இதை மனத்தில் பதித்துக்கொண்டால், துண்டைப் பெயர்க்க வேண்டியதில்லை, பிடிப்பைத் தளர்த்தி நேராக இழுத்தால் போதும் என்பது தானே விளங்கும்.

குழல்களின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிறிய லெனோவா கணினிகள் பலவற்றில் வெளிவிட்டம் 4 மில்லிமீட்டர், உள்விட்டம் 1.7 மில்லிமீட்டர், ஏசர் கணினிகள் பலவற்றில் 5.5க்கு 1.7; எச்.பி., டெல் ஆகியவற்றின் பழைய மாதிரிகளில் 7.4க்கு 5, பிந்திய மாதிரிகளில் 4.5க்கு 3. இவற்றுள் எச்.பி., டெல் முனைகளில் ஒரு விசேஷம் உண்டு. குழலின் நட்டநடுவே மெல்லிய ஓர் ஊசி நிற்கும். அது மின்சாரத்தைக் கொண்டுவருவதற்கன்று. இன்ன சார்ஜர், இத்தனை வாட் என்ற அடையாளத்தைக் கணினிக்குத் தெரிவிப்பதற்கு. குழல் முழுசாக இருந்து இந்த ஊசி மாத்திரம் முறிந்து உள்ளே நின்றாலும் குற்றம் தெரியும். கணினி ஓடும், ஆனால் பாட்டரி ஏறாது. சார்ஜரை அடையாளம் காண முடியவில்லை என்ற அறிவிப்பு திரையில் வரும். லெனோவாவின் செவ்வக முனையிலும், உட்புறம் மஞ்சள் நிறமாக இருக்கும் அதன் நடுவில், இவ்வாறே ஓர் அடையாள ஊசி உண்டு. எனவே, பாட்டரி ஏறவில்லை என்றதும் பாட்டரியைப் பழித்துப் புதிது வாங்கப் புறப்படுமுன், சார்ஜர் முனையை வெளிச்சத்தில் பிடித்து அந்த ஊசி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இனிக் காரியத்துக்கு வருவோம். முனை முறிந்தது தெரிந்த கணமே சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். முறிந்த வயரின் நுனியில் 19 அல்லது 20 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். அது மனிதரைத் தாக்கும் அளவினதன்று என்றாலும், தொங்கும் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால் பொறி பறக்கும், அடாப்டரும் கெடக்கூடும். அடுத்து, கணினியில் மின்சாரம் மிஞ்சியிருந்து, சூடோ கருகல் வாசனையோ இல்லாதிருந்தால், இன்றியமையாத கோப்புகளைப் பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய பிராஜெக்ட் உள்ளே இருக்கையில் துளையோடு போராடும் மாணவனின் கை நடுங்கும். அது பென்டிரைவுக்கு வந்துவிட்டால் கை தானே நிதானப்படும். ஆனால் பிரதி எடுக்கும் நேரத்தில் துளைப்பக்கம் விரலோ கருவியோ போகலாகாது.

பிறகு கணினியை முறைப்படி ஷட்டவுன் செய்ய வேண்டும். மூடியை மூடி உறங்க வைப்பது போதாது. அடியில் தள்ளுபூட்டு இருந்து பாட்டரி கழலக்கூடிய மாதிரியானால் அதைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, பவர் பொத்தானைப் பதினைந்து இருபது விநாடி அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய எச்ச மின்சாரத்தையும் வடித்துவிட வேண்டும். பாட்டரி உள்ளேயே திருகி வைக்கப்பட்ட மாதிரியானால், அடிமூடியைத் திறந்து பாட்டரியின் இணைப்பை விலக்கத் தெரிந்தவர் விலக்கலாம். தெரியாதவர் துளைக்குள் உலோகக் கருவி எதையும் செலுத்தாமல், மரக்குச்சி, பிளாஸ்டிக் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாரண்டிக் காலம் முடியாத கணினியை வீட்டில் திறக்கவே கூடாது. அடிமூடி உப்பியோ, தட்டுப்பொத்தான்கள் மேலெழும்பியோ இருந்தால் பாட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அந்தக் கணினியை அப்படியே கடைக்கு எடுத்துச் செல்வதைத் தவிர வேறு எந்தப் பரீட்சையும் அதன்மேல் செய்யலாகாது.

மேஜைமேல் வெள்ளைத்துணி விரித்து, கணினியைத் துளை உம்மை நோக்கும்படி பக்கவாட்டில் வைத்து, செல்பேசியின் விளக்கைச் சாய்வாகப் பாய்ச்சி, ஒரு பூதக்கண்ணாடியால் பார்க்கவும். பூதக்கண்ணாடி இல்லாதவர் செல்பேசியிலேயே படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்; இந்த விஷயத்தில் அது கண்ணாடியைவிடச் சிலாக்கியமானது என்பது என் அபிப்பிராயம், ஏனெனில் பிடிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டுத் துண்டு அசைந்ததா, உள்ளே போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளலாம். பார்க்க வேண்டியவை மூன்று. துண்டின் விளிம்பு துளையின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, வாயோடு சமமாக நிற்கிறதா, உள்ளே ஆழ்ந்துவிட்டதா? முறிந்த முகத்தில் பிளாஸ்டிக் வளையம் தெரிகிறதா? நடுவில் கணினியின் சொந்த ஊசித்தண்டு தெரிந்தால், அது நேராக இருக்கிறதா?

விளிம்பு அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் அது பாக்கியமே. பொற்கொல்லர் பொடிக்கற்களை எடுக்கப் பயன்படுத்தும் மெல்லிய சாமணம் இதற்கு உத்தமமான கருவி. கடைகளில் ட்வீசர் என்று விற்பவற்றுள் நுனி கூர்மையானதும் அழுத்தினால் வளையாததும் ஏற்றது. புருவம் திருத்தும் அகன்ற நுனியுடையது வழுக்கும். மின்வேலைக்காரரின் பெரிய மூக்குக் குறடு பலம் மிகுந்தது என்பதாலேயே இங்கே அபாயமானது. குழலை நசுக்கித் தண்டோடு ஒட்டிவிடும், பின்பு அது வரவே வராது. விளிம்பைக் கவ்வியபின் மேலும் கீழும் ஆட்டாமல், வட்ட முனையானால் கால் சுற்று வலமும் கால் சுற்று இடமுமாக மெதுவாகத் திருகிக்கொண்டே, துளையின் நேர்கோட்டில் இழுக்க வேண்டும். திருகும்போது வில்தகட்டுக்கும் குழலுக்கும் இடையேயுள்ள பிடிப்பு தளர்கிறது. முதல் இரண்டு மில்லிமீட்டர் வந்துவிட்டால் மிச்சம் பிரயாசையின்றி வரும். செவ்வக முனையையும் யு.எஸ்.பி. சி முனையையும் திருகவே கூடாது.

களமருதூரில் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். வயர் காலில் சிக்கிக் கணினி பக்கவாட்டில் விழுந்து முனை முறிந்திருந்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளை கோணி ஊசியை நெருப்பில் சுட்டு வளைத்துக் கொக்கியாக்கி, அதைத் துளைக்குள் விட்டு நெம்பிக்கொண்டிருந்தான். தாயார் வாசலிலேயே எதிர்கொண்டு, "காலைலேருந்து இதே வேலையா நோண்டிக்கிட்டே இருக்கான் சார், சொன்னா கேக்க மாட்டங்கிறான்" என்றார். அவனோ நிமிர்ந்து பாராமலே, "அசையுது சார், இன்னும் ஒரு நெம்பு நெம்புனா வந்துரும்" என்றான். "நெம்பாத தம்பி. மொதல்ல பாட்டரியக் கழட்டு. அப்புறம் வெளிச்சத்துக்குக் கொண்டா" என்று சொல்லி, திண்ணையில் வைத்துப் பார்த்தேன். துளையின் பிளாஸ்டிக் வாய் ஒரு பக்கம் வெளுத்துச் சீவியிருந்தது. ஊசி ஒவ்வொரு முறையும் அந்த வாயையே ஆதாரமாகக் கொண்டு நெம்பியிருக்கிறது. துண்டு அசைந்தது உண்மை, ஆனால் வெளியே வரும் திசையில் அன்று. துளையையும் சேர்த்துக்கொண்டு பக்கவாட்டில். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் ஜாக்கே மின்பலகையிலிருந்து பெயர்ந்திருக்கும்.

வீட்டில் சாமணம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் பாட்டி இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தில் பழங்காலத்து முள்வாங்கி ஒன்று தொங்கிற்று. காட்டு வேலைக்குப் போனவர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு காலத்தில் இருந்த அந்தச் சாதனத்தின் இரண்டு அலகும், பல்லாண்டுப் பழக்கத்தால் தேய்ந்து, நகத்தின் விளிம்பளவு மெலிந்து, நுனியில் இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தன. ஸ்பிரிட்டால் துடைத்து, அலகுகளைத் துண்டின் சிறு விளிம்பின்மேல் பொருத்தி, பையனிடமே கொடுத்துத் திருகச் சொன்னேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உலோகம் உலோகத்தோடு உராயும் மெல்லிய ஓசை கேட்டது. புறக்குழலின் பளபளப்பு கீற்றாகத் தெரிந்து, நீண்டு, வில்தகடு விட்ட இடத்தில் சட்டென்று முழுவதும் கையோடு வந்துவிட்டது. குழலின் பக்கத்தில் வில்தகடு பதிந்த நீளக்கோடு ஒன்று கறுத்துத் தெரிந்தது. இணைப்பு நெடுநாளாகத் தளர்ந்து சூடேறியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. முறிவு அன்று நேர்ந்ததாயினும், அதற்கு ஏற்பாடு மாதக்கணக்கில் நடந்திருக்கிறது.

விளிம்பு நீட்டிக்கொண்டிராமல் துளையின் வாயோடு சமமாக நிற்கும் துண்டு அடுத்த வகை. இதற்கு வழக்கத்தில் பசை, திருகாணி, சுட்ட ஊசி என்ற மூன்று உபாயங்கள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் உண்மையும் உண்டு, அபாயமும் உண்டு.

பசை என்றதும் எல்லார் கையும் பெட்டிக்கடை ஃபெவிக்விக்கை நாடுகிறது. அது இங்கே பெருந்தீங்கு விளைப்பது. நீரைப்போல் நெகிழ்ந்த அந்தப் பசை, துண்டுக்கும் துளைச்சுவருக்கும் இடையேயுள்ள மயிரிழைச் சந்தில் தானே இழுக்கப்பட்டுப் பாய்ந்து, காற்றின் ஈரம் பட்ட மாத்திரத்தில் இறுகிவிடும். எடுக்க வேண்டிய துண்டை அது நிரந்தரமாகப் பதித்துவிடும். பசையால்தான் முயல வேண்டும் என்றால், அரால்டைட் போன்ற இரண்டு குழாய்க் கலவைப் பசையே தக்கது. அது குழம்பாக நிற்கும், ஓடாது. துண்டின் முகத்தை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து உலரவிட்டு, தீர்ந்துபோன பேனா ரீஃபில் அல்லது துளையைவிட மெலிந்த மூங்கில் குச்சியின் நுனியில் கடுகளவு பசையை எடுத்து, துண்டின் முகத்தில் மாத்திரம் ஒற்ற வேண்டும். அப்போது துளை மேல்நோக்கி இருக்கலாகாது. பக்கவாட்டிலோ சற்றுக் கீழ்நோக்கியோ இருக்கும்படி கணினியைச் சாய்த்து, குச்சியை அசையாமல் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். ஐந்து நிமிஷத்தில் இறுகும் என்று உறையில் போட்டிருந்தாலும், இழுப்பைத் தாங்கும் பலம் வர மேலும் பல நிமிஷங்கள் ஆகும். ஓரிரண்டு மணி நேரம் விட்டுவிடுவதே நலம். மிச்சமான கலவையைக் காகிதத்தில் வைத்திருந்து, அது நகத்தால் கீறமுடியாதபடி கல்லாகிவிட்டதா என்று பார்த்தபின் இழுக்கலாம். குச்சி மாத்திரம் கழன்று வந்தால் நஷ்டமில்லை. மறுபடி துடைத்து மறுபடி ஒட்டலாம். தேங்காயெண்ணெய் விட்டால் வழுக்கி வரும் என்று சொல்பவர் உண்டு. எண்ணெய் பட்ட முகத்தில் எந்தப் பசையும் ஒட்டாது. உள்ளே போன எண்ணெய் புழுதியைப் பிடித்துவைத்து இணைப்பைக் கெடுக்கும். அந்தப் பேச்சுக்கே இடம் தரலாகாது.

திருகாணி முறை, முறிந்த முகத்தின் நடுவே குழிவு தெரிந்தால் பயன்படும். பழைய கணினியிலோ பொம்மையிலோ கழற்றிய 2 மில்லிமீட்டர்த் திருகாணி ஒன்றை எடுத்து, அழுத்தாமல், பிளாஸ்டிக் வளையத்தில் மரை இரண்டு பிடிக்கும் வரை மாத்திரம் திருப்பி, ஆணித்தலையைச் சாமணத்தால் பற்றி இழுப்பது அது. எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு எல்லையாக ஆணியைச் சுற்றி முன்கூட்டியே ஒட்டுநாடா சுற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆணியின் நுனி கணினியின் ஊசித்தண்டில் இடித்து அதை வளைத்துவிடும். எச்.பி., டெல் போன்ற நடு ஊசி உடைய மாதிரிகளில் இந்த முறையை நினைக்கவே கூடாது. ஆணி உலோகமாகையால் இரு குழல்களையும் ஒருங்கே தொடும். பாட்டரி நீக்கப்படாத கணினியில் இது செய்யத்தக்கதன்று.

சுட்ட ஊசியைப் பிளாஸ்டிக் வளையத்தில் இறக்கி, ஆறவிட்டு இழுப்பது மூன்றாவது முறை. கடைகளில் கைதேர்ந்தவர்கள் செய்து நான் கண்டிருக்கிறேன். ஆனால் துளையின் சுவரும் பிளாஸ்டிக்கே. ஊசி ஒரு மயிரளவு விலகினால் உருகுவது துண்டன்று, துளை. வீட்டில் செய்பவர்க்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

துண்டு ஆழ்ந்துவிட்டதென்றால், அல்லது மேற்சொன்னவற்றை நிதானமாகச் செய்தும் அது அசையவில்லை என்றால், அத்துடன் கையை எடுத்துவிட வேண்டும். கடைக்காரர் அடிமூடியைத் திறந்து பார்ப்பார். பல மாதிரிகளில் ஜாக் ஒரு சிறு வயரின் நுனியில் இருக்கும். வயரின் மறுமுனை மின்பலகையில் செருகப்பட்டிருக்கும். இத்தகைய ஜாக்கை ஓரிரு திருகாணி கழற்றிக் கையில் எடுத்துவிடலாம். துண்டு அப்போதும் வராவிட்டால் ஜாக்கோடு வயரையே மாற்றிவிடுவார். கணினியின் உறுப்புகளுள் விலை மலிந்தவற்றில் அதுவும் ஒன்று. வேறு சில மாதிரிகளில் ஜாக் நேரே மின்பலகையில் ஈயம் வைத்துப் பற்றப்பட்டிருக்கும். பலகை பல அடுக்குகளாலானது. எதிர்மின் இணைப்பு அகன்ற செப்புத் தகட்டோடு சேர்ந்திருப்பதால், சோல்டரிங் அயர்னின் உஷ்ணம் முழுவதையும் அந்தத் தகடு உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் இளகுமுன் இழுத்தால் பலகையின் செப்புத்தடமே உரிந்து வரும். எனவே அது பயிற்சியும் தக்க கருவியும் உடையவர் வேலை. கடையில் கொடுக்கும்போது "பின் உள்ளே மாட்டிக்கிச்சு" என்று மாத்திரம் சொல்லி நிறுத்தாமல், வீட்டில் பசை வைத்ததுண்டா, ஊசி விட்டதுண்டா என்பதையும் மறைக்காமல் சொல்வது அவர் வேலையைச் சுலபமாக்கும்.

யு.எஸ்.பி. சி துளையைப் பற்றித் தனியே ஒரு சொல். புதிய கணினிகள் பலவும் இந்த வழிக்கு மாறிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2026ஆம் ஆண்டு ஏப்ரல் 28 முதல் அங்கே விற்கப்படும் மடிக்கணினிகளுக்கும் இதையே பொதுத் துளையாக விதித்திருப்பதால், நம்மூருக்கு வரும் கணினிகளிலும் இது பெருகவே செய்யும். இதன் துளையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று உண்டு. அந்த நாக்கின் மேலும் கீழுமாக 24 தொடுகம்பிகள் பதிந்திருக்கும். முறிந்து நிற்பது அந்த நாக்கைச் சுற்றிய உலோக உறையே. உறையின் நீண்ட பக்கம் ஒன்றைத் தட்டையான நுனியுடைய சாமணத்தால் கவ்வி நேரே இழுக்கலாம். அதற்கு மேல் எதுவும் செய்யலாகாது. பசை, ஆணி, ஊசி மூன்றும் இங்கே விலக்கு. நாக்கு ஒடிந்தால் ஜாக்கை மாற்றுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

துண்டு வெளியே வந்ததும் காரியம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடாமல், அதை முறிந்த வயரின் நுனியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் வளையத்தின் சில்லு, அடையாள ஊசி ஆகியவற்றில் ஏதேனும் குறைந்தால் அது இன்னும் துளைக்குள் இருக்கிறது. கணினியைத் துளை கீழ்நோக்கும்படி பிடித்து மெல்லத் தட்டவும். வாயால் ஊதலாகாது, எச்சில் ஈரம் உள்ளே போகும். பிறகு தண்டு நேராக இருக்கிறதா, வில்தகடு துளையின் உட்புறம் சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கவும். தகடு சுவரோடு ஒட்டிப் படிந்துவிட்டிருந்தால் புதிய முனை தளர்ந்தே நிற்கும். தளர்ந்த இணைப்பு சூடேறும்.

முறிந்த முனைக்குப் பதிலாகப் புதுச் சார்ஜர் வாங்குவதே உத்தமம். வாங்குகையில் பழைய அடாப்டரின் முதுகிலுள்ள சீட்டைப் படித்து, வோல்ட் ஒத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; 19, 19.5, 20 என்று எது போட்டிருக்கிறதோ அதுவே வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையலாகாது. 20 வோல்ட்டில் 2.25 ஆம்பியர் என்றால் 45 வாட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். 65 வாட் கேட்கும் கணினிக்கு 45 வாட் அடாப்டரைக் கொடுத்தால் அந்த அடாப்டர் ஓயாமல் சூடாகி அற்பாயுளில் போகக்கூடும். நேர்மின் நடுவில் என்ற குறியும் முனையின் அளவும் பொருந்த வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் கணினி அடாப்டர்களுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம், அந்தப் பதிவெண் சீட்டில் இல்லாத மலிவுச் சரக்கை, பஸ் நிலையத்துக் கடையில் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், வாங்கக் கூடாது. அடாப்டர் நன்றாயிருந்து வயர் மாத்திரமே போயிற்று என்றால், முனையோடு கூடிய புது வயரைப் பழைய வயரில் இணைத்துத் தருவார்கள். இணைப்புகள் இரண்டும் ஒரே இடத்தில் எதிரெதிரே வராமல் முன்பின்னாக வெட்டி, ஈயம் வைத்து, தனித்தனியே உறையிட்டு இணைப்பதே முறை. அடாப்டர் பெட்டியை மாத்திரம் வீட்டில் எவரும் பிளக்கலாகாது. 230 வோல்ட் மாறுமின்சாரம் அதற்குள் நேர்மின்சாரமாகி, கபாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கியபின்னும் சிறிது நேரம் அது அங்கேயே காத்திருக்கும்.

புதுச் சார்ஜரை மாட்டிய முதல் அரை மணி நேரம் கணினியை விட்டு அகலாமல் இருக்கவும். அடாப்டர் பெட்டி வெதுவெதுப்பாவது இயல்பு. துளையைச் சுற்றியுள்ள இடம் சூடானாலோ, முனையைத் தொட்டால் சார்ஜ் குறி மின்னி மின்னி மறைந்தாலோ, உடனே நிறுத்திவிட்டுக் கடைக்காரரிடம் ஜாக்கைக் காட்ட வேண்டும்.

முனைகள் ஏன் முறிகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் ஸ்விட்ச் போர்டு, நிற்பவரின் மார்பளவு உயரத்தில் சுவரில் பதிந்திருக்கிறது. படிக்கிற பிள்ளையோ தரையில் பாய் விரித்து அமர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே அடாப்டர் பெட்டி அந்தரத்தில் ஊசலாடுகிறது. அதன் பாரம் முழுவதையும் ஒரு பக்கம் பிளக்கும் மறுபக்கம் அந்தச் சிறு முனையும் தாங்குகின்றன. பிள்ளை கணினியை மடிமேல் நகர்த்தும்போதெல்லாம் முனை துளைக்குள் நெம்புகோலாக வேலை செய்கிறது. குறுக்கே நடப்பவரின் கால் வயரில் பட்டால், இற்றுப்போயிருந்தது அன்றைக்கு முறிகிறது. ஆப்பிள் கம்பெனி 2006ஆம் ஆண்டில் காந்தத்தால் ஒட்டும் முனையைக் கொண்டுவந்ததே, கால் பட்டதும் கணினியை இழுத்துத் தள்ளாமல் முனை தானே விலகிவிட வேண்டும் என்பதற்காகத்தான். நமக்கு அந்த வசதி இல்லையென்றாலும் பரிகாரம் எளிது. நல்ல தரமான எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றைப் போர்டிலிருந்து சுவரோரமாக இறக்கித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆணியடித்து மாட்டி, அடாப்டரைத் தரையில் பலகைமேல் கிடத்தி, அங்கிருந்து வரும் வயரில் ஒரு முழம் தொய்வாக விட்டு, மேஜையோ பெட்டியோ எதன்மேல் கணினி இருக்கிறதோ அதன் காலில் துணிநாடாவால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். இழுப்பு எங்கிருந்து வந்தாலும் நாடாவோடு நின்றுவிடும். கணினியை இடம் மாற்றுமுன் முனையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றுகையில் வயரைப் பிடித்து இழுக்காமல், முனையின் கழுத்திலுள்ள தடித்த பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்தக் கழுத்தில் வெடிப்போ, வயரின் உறை பிரிந்து உள்கம்பியோ தெரிந்தால், முனை முறியும் வரை காத்திராமல் வயரை மாற்றக் கொடுத்துவிடலாம்.